வாசல் விடாத தோப்பு

கிதியோன் மீன்குழம்புச் சட்டியை அடுப்படியில் மூடி வைத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது கணினித் திரைக்குள் மரங்கள் வளர்ந்துவிட்டிருந்தன. அவன் எழுந்து போகையில் கணுக்காலுக்குக்கூட எட்டாத கன்றுகள், அவனே ஒவ்வொன்றாகக் குழி தோண்டி நட்டுத் தாண்டித் தாண்டி நடந்த கன்றுகள், இப்போது கோயில் அசனப் பந்திக்கு முண்டுகிற சனம் மாதிரி தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றன, வீட்டைச் சுற்றி, முழு வட்டமாக. நல்லாத்தான் இருக்கு என்றுதான் முதலில் தோன்றியது. தரையும் மாறியிருந்தது, அதற்காகத்தானே இவ்வளவு பாடும், காலையிலிருந்து கண்ணை உறுத்திய வெளுத்த மணல் போய் ஓரங்களில் புல் பிடித்து நடுவில் கறுத்த ஈர மண்ணாகி அதன்மேல் இலைகூட இரண்டொன்று உதிர்ந்து கிடந்தது. ரூபன் சொன்னது சரிதான். மகன் தான் படிக்கிற ஊரிலிருந்து போனில் சொல்லியிருந்தான், அப்பா, இந்த கேம்ல தரை என்னங்கிறத தரை முடிவு பண்றதில்ல, அதுமேல என்ன நிக்குதோ அதுதான் முடிவு பண்ணும், மரம் நெருக்கமா நின்னா மணல் காடாயிரும், கொறஞ்சா திரும்ப மணலாயிரும், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று அவன் சொன்னதில், பள்ளிக்கூட நாளில் விளையாடி விட்டுவிட்ட ஒன்றைப் பற்றி அப்பா அக்கறையாகக் கேட்கிறாரே என்ற கூச்சம் இருந்தது. அவன் விட்டுப்போன உலகத்தில்தான் இப்போது அவனுடைய அப்பாவும் அம்மாவும் குடியிருக்கிறார்கள், அம்மா அயர்லாந்தில், அப்பா மெஞ்ஞானபுரத்துக்கு வெளியே தேரிச் செம்மணல் வந்து முட்டுகிற கடைசி வீட்டில். வெளியே போய்க் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்போம், மனைவி எப்சிபா வரும்போது அவளுக்கு எப்படித் தெரியுமோ அப்படி, என்று கிதியோன் நீலச் சட்டை போட்ட தன் சின்ன மனிதனை மரங்களை நோக்கி நடத்தினான். மனிதன் போய் முட்டி நின்றான். பக்கத்து மரம். முட்டினான். அதற்கடுத்தது. வட்டத்தை ஒட்டியே நடத்தினான், கிணற்றடி, வீட்டின் பின்பக்கம், அவளுடைய ஈச்சம்பழக் கூடை, மறுபடி கிணற்றடி. இன்னொரு சுற்று. வழியில்லை. கன்றாக இருக்கும்போது எல்லாப் பக்கமும் வழியாக இருந்தது, அதனால் ஒரு பக்கத்தை வழி என்று விட வேண்டும் என்பது தோன்றவேயில்லை.

சரி, வெட்டலாம் என்றால் கோடாலி இல்லை. கன்று தேடி வடக்கே போய்க் காட்டை அழித்துக்கொண்டிருந்தபோது அது தேய்ந்து உடைந்தது, வேறு செய்யக் கல் வேண்டும், கல் பெட்டியில் இருக்கிறது, பெட்டி வறண்ட ஏரிப் பக்கம் இருக்கிறது, ஏரி வெளியே இருக்கிறது. கட்டிலைத் தவிர அவனுடைய சாமான் எல்லாமே வெளியேதான். உள்ளே இருப்பதெல்லாம் எப்சிபாவுடையது, வெள்ளைக் கல்லில் அவள் கட்டிய ஒற்றை அறை, கூரைக்கு மேலே ஏறி உட்கார ஓர் ஏணி, வாசலில் எந்நேரமும் எரிகிற தீ, வாசலுக்கு வருகிற நரிக்குத் தண்ணீர் வைக்கிற மண்சட்டி. கையால் மரத்தைக் குத்தினான், ஒன்றும் ஆகவில்லை, திரையின் மூலையில் பசியைக் காட்டுகிற சிவப்புக் கோடுதான் கொஞ்சம் சுருங்கியது. பட்டினி கிடந்து செத்தால் என்ன ஆகும் என்று யோசித்தான், செத்தவன் தன் கட்டிலில் முழிப்பான், அதுதான் இந்த விளையாட்டின் நியாயம், கட்டிலோ உள்ளே இருக்கிறது. செத்தாலும் இங்கேதான். இந்த நினைப்பு வந்ததும் தன்னையே அதட்டிக்கொண்டான். ஏய், இது கேமு, பிள்ளைகள் விளையாடுகிறது, மூடிவிட்டு எழுந்திருச்சுப் போய்ச் சோத்தப் போட்டுத் தின்னு. எழுந்திருக்கவில்லை. மூடிவிட்டுப் போனாலும் அந்த நீலச் சட்டைக்காரன் உள்ளேதான் நிற்பான், திரும்ப வரும்போதும் உள்ளேதான். அவள் வந்து வெட்டினால்தான் உண்டு. அவளிடம்தான் கேட்க வேண்டும். இன்றைக்குக் கேட்க வேறு ஒன்று வைத்திருக்கிறான், அதைக் கேட்க இருக்கிற நாளில், ஏளா, வந்து என்னைய வெளிய எடு என்று கேட்கும்படி ஆகிவிட்டதே.

அவள் ராத்திரி வேலை முடிந்து பஸ் பிடித்து வீட்டுக்கு வந்திருப்பாள், தலையில் கட்டின துண்டோடு ரொட்டியைத் தின்றுகொண்டிருப்பாள், இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவாள். ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு வருஷத்துக்கு இருக்கிறாளா இல்லையா என்று இன்றைக்குள் சொல்லியாக வேண்டும். இல்லை என்று சொல், கிளம்பி வா, வீடு இருக்கிறது, என்று அவன் கேட்க வேண்டும், இதுதான் விஷயம், இதைப் போனில் கேட்க முடியாது. போனில் கேட்டால் இங்கிலீஷுக்குப் போய்விடுவார்கள். ரூபன் சின்னவனாக, தமிழ் சரியாகப் பிடிபடாமல் இருக்கும்போது அவனுக்குப் புரியக்கூடாது என்றால் தமிழில் பேசுவார்கள், தங்களுக்குள் ஒருவரையொருவர் காயப்படுத்தக்கூடாது என்றால் இங்கிலீஷில் பேசுவார்கள், அந்த வழக்கம் அப்படியே நின்றுவிட்டது, அவள் இங்கிலீஷில் தொடங்கினால் பதில் ஏற்கெனவே முடிவாகிவிட்டது என்று அர்த்தம். அதனால்தான் இந்தத் தோப்பு. அவள் வந்து பார்ப்பாள், மணலாகக் கிடந்த இடம் பச்சையாகக் கிடக்கும், மழை தூறும், வாயடைத்து நிற்பாள், அந்த நேரம் பார்த்துக் கேட்டுவிடலாம், என்று ஒரு வாரமாகக் கன்று சேர்த்தான். நேற்று அவளிடம், நாளைக்கு கேமுக்குள்ள வா, ஒண்ணு காட்டணும், ஒண்ணு கேக்கணும் என்று மட்டும் சொல்லி வைத்தான். சரி அத்தான் என்றாள். சரி என்றால் சரிதானா, சரி என்பதில் அலுப்பு இருந்ததா. அந்தச் சரியை நேற்றிலிருந்து எத்தனையோ தடவை திருப்பித் திருப்பிக் கேட்டுப் பார்த்துவிட்டான், தேய்ந்துபோய் இப்போது அதில் ஒன்றுமே கேட்கவில்லை.

திரைக்குள் மழை வந்தது. காடானால் மழை வரும், மணலில் வராது, அதுவும் விதி. சின்னச் சின்னச் சாய்ந்த கோடுகள், பின்னாலேயே ஓட்டில் விழுகிற மாதிரி ஒரு சத்தம், கிதியோனுக்கு உள்ளங்கால் வரை குளிர்ந்தது. தேரிக்காட்டு ஓரத்தில் பிறந்தவனுக்கு மழைச் சத்தத்தைவிட வேறென்ன வெகுமதி வேண்டும், செம்மண் அல்ல செம்மணல், ஆடிக் காற்றில் ஒரு மேடு இங்கிருந்து எழுந்து அங்கே போய் உட்காரும், அப்பா வைத்த முந்திரிக் கன்று காலையில் மணலுக்குள் போயிருக்கும், பச்சை என்றால் யாரோ யாருக்கோ பார்த்துப் பார்த்துக் கொடுத்தது என்று அர்த்தம். பொத்தென்று ஒரு புகை. வாசல் தீ அணைந்துவிட்டது. எப்சிபாவின் தீ. அவள் வந்த நாளிலிருந்து அணையாத தீ. பரவாயில்லை, திரும்ப மூட்டிக்கொள்ளலாம், எதை வைத்து மூட்ட, விறகு வெளியே. தீ அணைந்ததும்தான் சீனி ஞாபகம் வந்தது. மணல் நரி, காது மட்டும் பெரிதாக, எலிக்குட்டி நிறத்தில், எங்கிருந்தோ வந்து அவளுடைய வாசலில் உட்கார்ந்துகொண்டது, ஈச்சம்பழம் போட்டால் தின்னும், ஆள் பக்கத்தில் போனால் எழுந்து இரண்டடி தள்ளி உட்காரும், ஓடிப்போகாது. சீனி என்று பேர் வைத்தவள் அவள். போன ஞாயிற்றுக்கிழமை அதற்குப் பழம் தேடித்தான் கிழக்கே போனாள், போன இடத்தில் தூக்கம் வந்து அங்கேயே நிறுத்திவிட்டாள், இன்றைக்கு அங்கிருந்துதான் நடந்து வர வேண்டும். சீனியைக் காணவில்லை. வீட்டுக்குப் பின்னால் இல்லை, கூரையில் இல்லை. மணல் நரி மணலில்தான் இருக்கும். காட்டுத் தரையில் அது கிடையாது, ஓடிப்போகவில்லை, சாகவில்லை, கிடையாது, அவ்வளவுதான். இதை ரூபன் சொன்னானா. சொல்லியிருப்பான். மணலோட ஐட்டம்லாம் போயிரும்ப்பா, காட்டோட ஐட்டம்லாம் வரும். ஐட்டம் என்றதால் கிதியோனுக்குச் சீனி நினைவுக்கு வரவில்லை.

தங்கபுஷ்பம் மதினி மட்டும் அந்த நேரம் வராமல் இருந்திருந்தால். கடைசிக் கன்றை நட்டு முடித்த கையோடு வெளியே போயிருப்பான், வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தால் மரம் வளர்ந்தாலும் அவன் வெளியில் இருந்திருப்பான். அண்ணன் பெண்டாட்டி, நல்ல மனசு, சட்டியைச் சேலைத் தலைப்பால் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்று கேட்டைத் தட்டுகிறாள், திறக்காமல் இருக்க முடியுமா. பூட்டைத் திறப்பதற்குள், பட்டப்பகல்ல பூட்டு எதுக்குக் கொழுந்தனாரே, உள்ள என்ன தங்கமா காய்ச்சுதீரு என்றாள். மணலு வருதுல்லா மதினி என்றான். மணலுக்குப் பூட்டுன்னா என்னன்னு தெரியுமா என்றாள் அவள். சட்டியைக் கொடுத்தவள் போகவில்லை, நிமிர்ந்து வீட்டைச் சுற்றிய உயரச் சுவரைப் பார்த்தாள், எல்லோரும் பார்க்கிற மாதிரி, எப்சி என்னைக்கு வாரா என்று கேட்டாள். வருவா மதினி. வருவாங்கிறது நாளா கிழமையா. இவன் சிரித்தான். வீட்டக் கட்டியாச்சு, ஆக்கித் திங்க ஆளு வேண்டாமா. அதான் நீங்க மீன்கொழம்பு கொண்டாந்துட்டியளே. இது இன்னைக்குக் கொழுந்தனாரே, நாளைக்கு மீனு கெடைக்கணும், எனக்கும் முட்டு வலி. போகும்போது, பூட்டிக்கிடும், பூட்டிக்கிடும், யாரும் தூக்கிட்டுப் போயிரப் போறாவ உம்மள என்று சொல்லிக்கொண்டே போனாள். அவன் பூட்டினான். கை தானாகப் பூட்டியது. சுவர் விவகாரமும் அப்படித்தான், பால் காய்ச்சுகிற அன்றைக்கு வீட்டைப் போனில் சுற்றிக் காட்டினான், ரூபன் அறை, அடுப்படி, மாடிப்படி, அவள் எல்லாவற்றுக்கும் நல்லாருக்கு நல்லாருக்கு என்றாள், வெளியே வந்ததும், செவரு ஏன் அத்தான் இவ்வளவு ஒசரம் என்றாள். மணல் அடிக்குல்லா என்றான். தேரி தெரியாதே என்றாள். தேரிய பாத்து என்ன செய்யப் போற, வெறும் மணலு. அப்போதும் சரி என்றாள். அந்தச் சரி எப்படி இருந்தது, அதை ஏன் அவன் திருப்பிக் கேட்டுப் பார்க்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டுப் பிறகு எல்லாவற்றையும் இங்கிலீஷில் படித்தவன், பூகோள வாத்தியாராக இருந்தவன், மனைவிக்கு வேலை கிடைத்தது என்று பின்னாலேயே அயர்லாந்தின் கார்க் நகரத்துக்குப் போய் ஒரு சரக்குக் கிட்டங்கியில் பெட்டிகளுக்கு முதுகைக் கொடுத்துவிட்டு வீடு கட்ட ஊருக்குத் திரும்பியவன், அவனுக்கு நிலத்தைப் பற்றித் தெரியாதா. தமிழ் ஐயா கரும்பலகையில் கோடு போட்டு எழுதுவார், இந்த நிலத்துக்கு இந்த மனசு. பாலை என்றால் பிரிவு. முல்லை என்றால் இருத்தல், போனவர் வருகிறவரைக்கும் வீட்டில் காத்திருத்தல். அவன் வாயைத் திறந்து சிரித்தான், சத்தமில்லாமல். ஒரு வாரமாகக் கன்று சுமந்து பாலையை முல்லையாக்கினான், பிரிவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காத்திருப்பைக் கொண்டுவந்து நட்டிருக்கிறான். அதிலும் காத்திருப்பது பெண்ணாகத்தான் இருக்கும் என்று ஐயா சொன்னதாக ஞாபகம், இங்கே மீன்குழம்புச் சட்டியோடு ஓர் ஆண்பிள்ளை காத்துக் கிடக்கிறான். மழை விடவில்லை. கார்க்கிலும் விடாது. ஆடியும் மழை, தையும் மழை, வெயில் என்பது யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனது மாதிரி வந்து உடனே எடுத்துக்கொண்டு போய்விடும், பஸ் கண்ணாடியில் மழை, ஆஸ்பத்திரிச் சன்னலில் மழை, கண் போகிற இடமெல்லாம் பச்சை, பச்சைக்கு மேலே தலையில் இடிக்கிற மாதிரி வானம். அவள் இந்த விளையாட்டுக்குள் வந்ததே அதனால்தான். ரூபன்தான் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தான், முதல் நாளிலேயே அவள் காட்டை விட்டு, ஆற்றை விட்டு, பூ பூத்த மேட்டை விட்டு நடந்துகொண்டே இருந்தாள், ரூபன் பக்கத்தில் நின்று, எங்கம்மா போற, அங்க ஒண்ணுமே கெடையாது என்றான். ஒண்ணுமே கெடையாதுல்லா, அங்கதான் என்றாள். மணல் நடுவில் போய் உட்கார்ந்தாள். கிதியோன் அப்போது சோபாவில் படுத்துக்கொண்டு, நல்ல இடமா பாத்து வீடு கட்டுளா என்றான், அதற்கு அவள் சொன்னது இப்போது, இந்த ஓட்டு மழைச் சத்தத்துக்குள், கார்க் வீட்டின் ஈரச் சுவர் வாசனையோடு அப்படியே கேட்டது. இதான் நல்ல இடம் அத்தான், தூரத்துல வர்றது தெரியணும். மழையிலிருந்து வருகிறவளுக்கு மழையைக் கட்டி வைத்திருக்கிறோம். இந்த நினைப்பு வந்த வேகத்தில் அவன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தான், உட்கார்ந்தான், நீலச் சட்டைக்காரனை மறுபடி மரத்தில் கொண்டுபோய் முட்டினான். ஏதாவது ஒன்று விழுந்தால் போதும். கன்று எண்ணி எண்ணி நட்டான், காடாவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே கிடைத்தது, ஒன்றுகூட மிச்சமில்லை, ஒன்று குறைந்தாலும் தரை மணலுக்குப் போய்விடும். போகட்டும். அவள் வருவதற்குள் போகட்டும். கையால் குத்தினான், குத்தினான், சிவப்புக் கோடு சுருங்கியது, மரம் ஆடக்கூட இல்லை. சன்னலுக்கு வெளியே உண்மையான காற்று சுவரில் மோதிக் கேட்டைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது, பூட்டு கம்பியில் அடிக்கிற சத்தம், மதினி திரும்ப வந்துவிட்டாளோ என்று ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தான்.

“அத்தான்.” காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் அவள் குரல், பக்கத்து அறையிலிருந்து வருவது மாதிரி. “கேக்குதா?” கேக்குது என்றான், வேலை எப்படி என்றான், ஒருத்தரு போயிட்டாரு அத்தான், ஷிப்டு முடியப் போற நேரம், என் கையப் புடிச்சுக்கிட்டே இருந்தாரு என்றாள். சாப்டியா என்றான். ரொட்டி என்றாள். எத்தனை வருஷமாக இதே இரண்டு கேள்விகள், பதிலில் யாராவது செத்திருந்தாலும் அடுத்த கேள்வி சாப்டியாதான். தமிழில் பேசுகிறாள், நல்லது, இன்னும் முடிவாகவில்லை. கிழக்கேயிருந்து வருவதாகச் சொன்னாள், ஈச்சமரத்தை வெட்டிப் பழம் சேர்த்த கதையைச் சொன்னாள், பேசிக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்தினாள். “இங்க என்ன இது? எங்க என் வீடு?” உள்ள இருக்கு என்றான் கிதியோன். “எதுக்குள்ள?” தோப்புக்குள்ள, நாந்தான் நட்டேன், ஒனக்காக. ஹெட்போனில் அவள் மூச்சு. “மழை பெய்யுது” என்றாள். “நான் இப்பதான் நனஞ்சு வந்து தலையத் துவட்டிட்டு உக்காந்தேன்” என்றாள், கோபமாக அல்ல, யாரோ ஒரு நோயாளியின் காய்ச்சலைச் சொல்வது போல. பிறகு, “சீனி எங்க?” காணல என்றான். அவள் மறுபடி கேட்கவில்லை. திரையில் இரண்டு மரங்களின் நடுவிலிருந்த விரற்கடை இடைவெளியில் ஒரு மஞ்சள் நிறம் தெரிந்து மறைந்தது, அவளுடைய மஞ்சள் தாவணிக்காரி, ரூபன் போட்டுக் கொடுத்த உடுப்பு. அடுத்த இடைவெளியில் தெரிந்தது. மறைந்தது. வெளியே வட்டத்தை ஒட்டி நடக்கிறாள், வழி தேடுகிறாள், அவன் நீலச் சட்டைக்காரனை உள்பக்கமாக அவளோடு கூடவே நடத்தினான், அவள் ஓர் எட்டு வைத்தால் அவனும் ஓர் எட்டு, மஞ்சள், மரம், மஞ்சள், மரம். வழி இல்லையென்று அவனுக்குத் தெரியும். சொல்லவில்லை. இப்படியே சுற்றிக்கொண்டிருந்தால் அவள் ஒன்றும் சொல்லமாட்டாள், அவனும் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை, கார்க்கில் கடைசி இரண்டு வருஷம் இப்படித்தான் இருந்தார்கள், அவள் வரும்போது அவன் கிளம்பி, அவன் வரும்போது அவள் கிளம்பி, மாடிப்படியில் ஒரு நிறம் தெரிந்து மறைந்து. கிணற்றடிக்கு நேரே மஞ்சள் நின்றது. முழுச் சுற்றும் சுற்றிவிட்டாள். “அத்தான், வாசல் எங்க வச்சிய?”

வைக்கல என்றான். “மறந்துட்டியளா?” மறக்கல, தோணல என்றான். அவள் சிரிக்கத் தொடங்கினாள். அடக்கப் பார்த்து அடக்க முடியாமல் மூக்கு வழியாக வருகிற சிரிப்பு, கல்யாணமான புதிதில் ஆராதனை நடுவில் இப்படித்தான் சிரித்து மாட்டிக்கொள்வாள், அவன் கேட்டு வெகு காலமாகிவிட்ட சிரிப்பு, “அப்ப நீங்க?” என்றாள் சிரிப்புக்கு நடுவில், “நீங்க உள்ள மாட்டிக்கிட்டியளா?” ஆமா. “கோடாலி?” ஒடஞ்சு போச்சு. “எப்பப் புடிச்சு?” மத்தியானத்துலேருந்து. அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்தால் அழுகையும் கூடவே வரும் போலிருந்ததால் நிறுத்திக்கொண்டான். அவளும் நின்றாள். “என்னமோ கேக்கணும்னியளே” என்றாள். இப்போது. ஒரு வாரமாக எழுதி எழுதித் திருத்தி வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் இருந்தன, வா என்று முடிகிறவை, இங்கே யார் இருக்கா என்று முடிகிறவை, எல்லாம் நெருக்கமாக நின்றன, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் ஆள் நுழைய இடமில்லை. நீ சொல்லு என்றான். “நான் சொல்லிட்டேன் அத்தான்” என்றாள் எப்சிபா. “ஆஸ்பத்திரியில காலைலயே சொல்லிட்டேன். இருக்கேன்னு.” தமிழில்தான் சொன்னாள். இங்கிலீஷில் வரும் என்று எதிர்பார்த்துக் காதை இறுக்கி வைத்திருந்தவனுக்குள் அது நேராகப் போயிற்று, தடுக்க ஒன்றுமில்லாமல். எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல என்றான். “கேட்டா நீங்க ஒரு வீட்டக் கட்டுவிய” என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் குத்தியது. வீடு கட்டுறேன்னுதான் சொல்லிட்டு வந்தேன் என்றான், சொன்னியளே, கேட்டியளா என்றாள். “எனக்கு அங்க வந்து அந்தச் செவருக்குள்ள உக்கார முடியாது அத்தான். வேலைய விட்டுட்டு ஒங்க மதினி எத்தன மணிக்கு என்ன கொழம்பு வைக்காங்கன்னு கேட்டுக்கிட்டு. ஒங்கள விட்டுட்டு இங்க இருக்கவும் முடியல. ஒங்களுக்கு இங்க தங்குற கார்டு தை வரைக்கும் இருக்குல்லா.” இருக்கு. “வாறியளா?”

அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மரங்களின் பச்சை கண்ணில் ஊறி மற்ற எல்லாவற்றிலும் பச்சை படிந்தது. கிட்டங்கி. முதுகு. பஸ் கண்ணாடி. இந்த வீட்டின் ஒவ்வொரு கல்லையும் அவன் தட்டிப் பார்த்து வாங்கினான், ரூபன் அறைக்கு வெளிர்நீலம் அடித்தான், ரூபன் ஒரு நாளும் இங்கே படுக்கப் போவதில்லை என்று அடிக்கும்போதே தெரியும். போனால் இந்த வீடு என்ன ஆகும், மணல் ஏறும், மதினி வந்து கேட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். போகாவிட்டால் இதற்கு என்ன ஆகும் என்று யோசித்தான், ஒன்றும் ஆகாது, இப்படியே இருக்கும், அவன் உள்ளே முழித்துக்கொண்டே இருப்பான், செத்தாலும் அந்தக் கட்டிலில். “இப்பவே சொல்ல வேண்டாம்” என்றாள் அவள், “தை இருக்கு. மொதல்ல ஒங்கள வெளிய எடுப்போம். எங்க வெட்டட்டும்?” கிணத்தடி மரம் கோணலா வளந்துட்டு, அத வெட்டு, என்று வாய் வரைக்கும் வந்தது. நல்ல யோசனைதான். வாயை மூடினான். ஒனக்கு எங்க வேணுமோ அங்க வெட்டு என்றான். அவள் கொஞ்ச நேரம் அசையவில்லை, அவன் சொன்னதில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. பிறகு மஞ்சள் நகர்ந்தது, வட்டத்தை ஒட்டிப் போய், கூரை ஏணியிலிருந்து பார்த்தால் சூரியன் விழுகிற பக்கம் போய் நின்றது. கோடாலிச் சத்தம் மழைக்குள் கேட்டது. ஒரு மரம் சாய்ந்தது. விழுந்த இடத்திலிருந்து மணல் தொடங்கியது, முதலில் ஒரு கட்டம், பிறகு அதை ஒட்டிய கட்டம், ஈர மண் வெளுத்து, புல் உள்வாங்கி, கொட்டின பால் தரையில் பரவுகிற மாதிரி வீட்டு வாசல் வரை வந்து வீட்டுக்கு அந்தப் பக்கமும் போயிற்று, மழை நடுவில் அறுந்தது. அவ்வளவுதான். ஒரு வாரம். மஞ்சள் தாவணிக்காரி அந்த இடைவெளி வழியாக உள்ளே வந்து, நீலச் சட்டைக்காரனைத் தாண்டி, அணைந்த தீக்குப் பக்கத்தில் ஈச்சம்பழத்தைப் போட்டாள். வரும்னு நெனைக்கியா என்றான். “மணலு வந்துட்டுல்லா, ஏதாவது ஒண்ணு வரும்” என்றாள். “சீனியா இருக்கணும்னு இல்ல.” பிறகு கொட்டாவி விட்டாள், பெரிய கொட்டாவி, முடிவில் அவள் அம்மாவின் சத்தம் வந்தது. “எனக்குத் தூக்கம் வருது அத்தான். நான் படுக்கேன். நீங்க எங்க வேணாலும் போங்க. கதவ மட்டும் சாத்தாதிய.”

அவள் போனதும் ஹெட்போனில் காற்று மட்டும் இருந்தது, விளையாட்டின் மணல் காற்று, ஒரே மாதிரி இரைச்சல். நீலச் சட்டைக்காரனை இடைவெளி வரை நடத்தினான், வெளியே வைக்கவில்லை, அங்கேயே நிறுத்தினான். வெட்டின இடத்தின் வழியாகத் தூரம் தெரிந்தது, ஏரி தெரிந்தது, அவன் பெட்டி தெரிந்தது, அதற்கு அப்பால் ஒன்றுமில்லாத மஞ்சள் தெரிந்தது, அவள் எதைப் பார்த்துக்கொண்டு அந்தக் கூரையில் உட்கார்ந்திருந்தாள் என்று அவனுக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை, பார்த்துக்கொண்டிருந்தான். கேட் மறுபடி அடித்தது. ஹெட்போனைக் கழற்றினான். அப்போதுதான் பசித்தது, ஆனால் அடுப்படிக்குப் போகாமல் சாவியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனான், காலையில் பெருக்கின சிமெண்டுத் தரை, அதைப் பெருக்கிவிட்டுச் சுவரோரம் சாத்தி வைத்த வாரியல், சுவருக்கு மேலே செக்கச்செவேலென்று பறக்கிற தூசி. பூட்டைத் திறந்தான். கேட்டைத் தள்ளினான், காற்று அதைப் பிடுங்கிச் சுவரோடு கொண்டுபோய் அறைந்தது. தேரி அங்கே இருந்தது, எப்போதும் இருக்கிற இடத்தில், அலை அலையாக, சிவப்பாக, அதில் தூரத்தில் ஒரு சைக்கிள் தடம்கூட இல்லை, யார் வந்தாலும் தெரியும், யார் போனாலும் தெரியும். தையில் இந்தக் காற்று இருக்காது என்று நினைத்தான், போவதற்கு அது தோதான மாசம்தான், அல்லது வெறுமனே காற்றில்லாத மாசம். மணல் உள்ளே வரத் தொடங்கியது. அவனுடைய காலைத் தொட்டு, காலைத் தாண்டி, சிமெண்டுமேல் மெல்லிய சிவப்புக் கோடாக ஓடி வீட்டுப் படியை எட்டியது, கிதியோன் திரும்பி அதைப் பார்த்தான், வாரியலைப் பார்த்தான், எடுக்கவில்லை.